காட்டுக்கு உரம் போட்டது யார்? சத்து கூடும்போது செடிகள் காணாமல்போவது ஏன்?

1989-ம் ஆண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஃபெர்னோ ஆராய்ச்சிக் காட்டின் ஒரு பகுதியில், வானிலிருந்து உரம் தூவ ஆரம்பித்தார்கள். வயலுக்குப் போடும் அதே அம்மோனியம் சல்ஃபேட் உரம்தான். மார்ச், ஜூலை, நவம்பர் என வருடத்துக்கு மூன்று தடவை போட்டார்கள்.

காட்டுக்கு எதற்கு உரம்? அங்கே யாரும் விவசாயம் செய்யப்போவதில்லை. அனல்மின் நிலையப் புகை, வாகனப் புகை, வயலில் இருந்து ஆவியாகும் அம்மோனியா எல்லாம் காற்றில் கலந்து, கடைசியில் மழையோடு காட்டில்தான் விழுகின்றன. அந்த அளவு கூடிக்கொண்டே போனால் காடு என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் நோக்கம். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்திலேயே உரம் போடாத காட்டுப் பகுதிகளும் இருந்தன.

ஆறு வருடம் கழித்துத் தரையில் வளரும் செடிகளைக் கணக்கெடுத்தார்கள். சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை! அதோடு ஆய்வை முடித்திருந்தால் ‘நைட்ரஜனால் காட்டுக்குப் பாதிப்பில்லை’ என்றுதான் அறிக்கை வந்திருக்கும். நல்லவேளை, நிறுத்தவில்லை. பத்து வருடம் தாண்டிய பிறகுதான் காட்சி மாறியது. பிளாக்பெர்ரி வகை முட்புதர் ஒன்று தரையை மூட ஆரம்பித்தது. அதுவரை அங்கே நிறைந்திருந்த காட்டு வயலட் போன்ற சின்னச் செடிகள் பின்வாங்கின. 25 வருடக் கணக்கெடுப்பு முடிவு 2016-ல் வெளியானபோது, செடிகளின் பன்முகத்தன்மை குறைந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது.

விஷம் எதுவும் கொட்டவில்லை. போட்டது சத்துதான். பிறகு எப்படி?

நைட்ரஜன் நம்மைச் சுற்றியே இருக்கிறதே, அது எப்படி மாசு ஆகும்?

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அது ரெண்டு ரெண்டு அணுக்களாக இறுக்கமாகக் கட்டிப்பிடித்த நிலையில் இருப்பது. செடிகளால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. இயற்கையில் அந்தப் பிணைப்பை உடைக்க மின்னலும், பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா போன்ற சில நுண்ணுயிர்களும் மட்டுமே உண்டு. அதனால் பூமியில் செடிகளுக்குக் கிடைத்த நைட்ரஜன் எப்போதுமே பற்றாக்குறைதான்.

இந்தக் கணக்கை மனிதன் மாற்றினான். 1909-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஃப்ரிட்ஸ் ஹேபர், காற்றில் உள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிக் காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார். 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் முதல் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இன்று உலகம் சாப்பிடும் உணவில் பெரும்பகுதி இந்தக் கண்டுபிடிப்பை நம்பித்தான் இருக்கிறது. அதை மறுக்கவே முடியாது.

பிரச்சினை என்னவென்றால், போடும் உரத்தில் பாதிக்கும் மேல் பயிருக்குப் போய்ச்சேருவதில்லை. கொஞ்சம் தண்ணீரோடு ஓடுகிறது, கொஞ்சம் அம்மோனியாவாகக் காற்றில் பறக்கிறது. மாட்டுப் பண்ணை, கோழிப் பண்ணைக் கழிவுகளில் இருந்தும் அம்மோனியா கிளம்புகிறது. இன்னொரு பக்கம், அனல்மின் நிலையங்களிலும் வாகன எஞ்சின்களிலும் உள்ள கடும் வெப்பத்தில், காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறுகின்றன.

இந்த ரெண்டும் காற்றில் பயணித்து, மழையாகவோ தூசியாகவோ வாயுவாகவோ தரையில் இறங்குவதைத்தான் ‘நைட்ரஜன் படிவு’ என்கிறார்கள். காடு என்பது காற்றைத் தடுத்து நிறுத்தும் பெரிய சல்லடை மாதிரி. அதனால் திறந்த வெளியைவிடக் காட்டில் இது அதிகமாகவே படிகிறது.

எவ்வளவு விழுகிறது?

தொழிற்புரட்சிக்கு முன்பு, பெரும்பாலான இடங்களில் ஒரு ஹெக்டேருக்கு வருடத்துக்கு ஒரு கிலோ அல்லது அதைவிடக் குறைவான நைட்ரஜன்தான் காற்றில் இருந்து வந்தது. இன்று ஐரோப்பா, கிழக்கு ஆசியா, தெற்கு ஆசியாவின் பல பகுதிகளில் அது 10 கிலோவைத் தாண்டிவிட்டது.

10 கிலோ என்றால் எவ்வளவு? யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். அப்படியானால் ரெண்டரை ஏக்கர் காட்டுக்கு வருடா வருடம் அரை மூட்டை யூரியா போடுவதற்குச் சமம். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ நைட்ரஜன் பரிந்துரைக்கிறார்கள், அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை என்று தோன்றலாம். ஆனால் நெல் அறுவடையாகி வயலை விட்டுப் போய்விடுகிறது. காட்டில் அறுவடை இல்லை. இந்த வருட அரை மூட்டையின் மேல் அடுத்த வருட அரை மூட்டை வந்து சேர்கிறது.

ஐரோப்பிய நாடுகள் இதற்கென ஒரு ‘தாங்கும் அளவு’ வைத்திருக்கின்றன. இலையுதிர் காடுகளுக்கு அது வருடத்துக்கு ஹெக்டேருக்கு 10 முதல் 15 கிலோ. ஃபெர்னோவில் போட்டது 35 கிலோ.

சத்து கூடினால் செடி செழிக்கத்தானே வேண்டும்?

செழிக்கும். ஆனால் எல்லாச் செடியும் இல்லை. இங்கேதான் முடிச்சு இருக்கிறது.

காட்டில் நூற்றுக்கணக்கான செடி வகைகள் சேர்ந்து வாழ முடிவதற்குப் பற்றாக்குறையும் ஒரு காரணம். மண்ணில் சத்து குறைவாக இருக்கும்போது யாராலும் ஓஹோவென்று வளர முடியாது. ஒவ்வொரு செடியும் தனக்கென ஒரு வழி கண்டுபிடித்திருக்கும். ஒன்று மரம் இலை விடுவதற்கு முன்பே பூத்து முடித்துவிடும். ஒன்று வேர்ப் பூஞ்சையுடன் கூட்டு வைத்துச் சத்தைத் தேடும். இன்னொன்று வருடத்துக்கு ரெண்டு மூன்று இலை மட்டும் விட்டுச் சிக்கனமாக வாழும். கொஞ்சத்தில் வாழப் பழகியதுதான் இவற்றின் பலமே.

அந்த இடத்தில் சத்தை அள்ளிக் கொட்டினால் சிக்கனத்துக்கு வேலை இல்லாமல் போய்விடும். யார் வேகமாகத் தின்று வேகமாக வளர்கிறாரோ அவர்தான் ஜெயிப்பார். பிளாக்பெர்ரி புதர், தொட்டால் எரியும் நெட்டில் செடி (நம்மூர் செந்தட்டி மாதிரி) எல்லாம் அந்த ரகம். இவை உயர்ந்து படர்ந்தால் கீழே வெளிச்சம் போகாது. சின்னச் செடிகள் நிழலில் மெல்ல மறையும்.

ரெண்டாவது வழி, மண் அமிலமாவது. அதிகப்படியான நைட்ரேட் மழைநீரோடு இறங்கும்போது மண்ணில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது. மண் புளிக்கப் புளிக்க, அதுவரை கரையாமல் கிடந்த அலுமினியம் கரைந்து வேர்களைப் பாதிக்கிறது.

மூன்றாவது, பூஞ்சைக் கூட்டணி முறிவது. மரங்கள் தங்கள் வேரில் வாழும் பூஞ்சைகளுக்குச் சர்க்கரை கொடுத்து, பதிலுக்கு நைட்ரஜனை வாங்குகின்றன. நைட்ரஜன் மேலே இருந்தே இலவசமாக வந்தால் பூஞ்சைக்கு எதற்குச் சம்பளம்? மரம் சர்க்கரையைக் குறைத்துவிடுகிறது. அந்தப் பூஞ்சைகள் நைட்ரஜன் மட்டும் கொடுக்கவில்லை, வறட்சியில் தண்ணீரும் பாஸ்பரஸும் கொண்டுவந்து கொடுத்தன. அதுவும் சேர்ந்து போகிறது.

மரங்கள் நன்றாகத்தானே நிற்கின்றன?

காடு என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது மரங்கள்தான். ஆனால் மிதவெப்பக் காடுகளில் உள்ள செடி இனங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் இருப்பது முழங்கால் உயரத்துக்குக் கீழேதான். சராசரியாக ஒரு மர இனத்துக்கு ஆறு தரைச்செடி இனங்கள் என்ற கணக்கில் இருக்கின்றன. எடை போட்டால் காட்டின் மொத்த எடையில் இவை ஒரு சதவீதம்கூட வராது. அதனாலேயே இவற்றை யாரும் கவனிப்பதில்லை. சாலையில் இருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்று காடு அப்படியேதான் இருக்கும். சில சமயம் முன்பைவிட அதிகப் பச்சையாகக்கூடத் தெரியும்.

இனங்களின் எண்ணிக்கை குறைகிறதா?

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பியக் காடுகளில் 1,300-க்கும் மேற்பட்ட மாதிரி இடங்களின் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2014-ல் வெளியானது. நைட்ரஜன் அதிகம் படிந்த இடங்களில், குறைந்த சத்தில் வாழும் செடிகளின் பரப்பு சுருங்கியிருந்தது. ஆனால் ஓர் இடத்தில் எத்தனை இனங்கள் என்று எண்ணிப் பார்த்தால், அந்த எண் பெரிதாகக் குறையவில்லை!

அது எப்படி? போன செடிக்குப் பதில் வேறு செடி வந்துவிடுகிறது. பத்து போய், பத்து வந்தால் கணக்கு சமம். ஆனால் போனவர்கள் யார், வந்தவர்கள் யார்?

ஐரோப்பாவின் 68 இடங்களில் பழைய கணக்கெடுப்புகளையும் புதியவற்றையும் ஒப்பிட்ட 2020-ம் ஆண்டு ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. போனவை சிறிய பரப்பில் மட்டும் வாழும், அந்தந்த ஊருக்கே உரிய செடிகள். வந்தவை எங்கேயும் வளரக்கூடிய, சத்தை விரும்பும் செடிகள். இந்தக் காட்டில் வந்ததும் அடுத்த காட்டில் வந்ததும் ஒரே செடி. ஊர் ஊராக இருந்த சின்ன உணவகங்கள் மூடி, எல்லா ஊரிலும் ஒரே நிறுவனத்தின் கிளை திறப்பது மாதிரி. ஒரு தெருவில் எத்தனை கடை என்று எண்ணினால் வித்தியாசம் தெரியாது. நாடு முழுக்கப் பார்த்தால்தான் இழப்பு தெரியும்.

மேற்கே நகரும் செடிகள்

புவி வெப்பமானால் செடிகள் குளிர்ந்த இடம் தேடி வடக்கே நகரும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. 2024 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஓர் ஆச்சரியத்தைக் கொடுத்தது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 266 ஐரோப்பியக் காட்டுச் செடி இனங்களின் பல பத்தாண்டு நகர்வைப் பார்த்தார்கள். வடக்கே நகர்ந்தவை 15 சதவீதம்தான். மேற்கே நகர்ந்தவை 39 சதவீதம்! சராசரி வேகம் வருடத்துக்கு 3.56 கிலோமீட்டர். மேற்கில் என்ன இருக்கிறது? நைட்ரஜன் படிவு அதிகமாக உள்ள இடங்கள். சத்து எங்கே கொட்டுகிறதோ, அதை விரும்பும் செடிகள் அங்கே பரவுகின்றன. வெப்பத்தை மட்டும் கணக்கில் வைத்துக் காடுகளின் எதிர்காலத்தைக் கணித்தால் தப்பாகும் என்பதுதான் இதன் பாடம்.

வெப்பமண்டலக் காடுகளில் என்ன நிலை?

இதுவரை பார்த்ததெல்லாம் குளிர் நாட்டுக் காடுகள். சூடான, மழை மிகுந்த காடுகளில் கதை கொஞ்சம் மாறும். பல வெப்பமண்டலக் காடுகளின் மண்ணில் நைட்ரஜன் ஏற்கெனவே ஓரளவு போதுமானதாக இருக்கும். தெற்குச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், டிங்ஹுஷான் என்ற பழமையான காட்டில் 2003-ல் இருந்து நைட்ரஜன் இட்டுச் சோதித்தார்கள். அதிகபட்ச அளவான 150 கிலோ போட்ட இடங்களில் தரைச்செடிகளின் பன்முகத்தன்மை குறைந்தது. ஆனால் அங்கே முட்புதர் எதுவும் வந்து மூடவில்லை. மண் அமிலமாகி, அலுமினியம் கரைந்து, மெல்லிய வேர்கள் குறைந்ததுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதாவது யாரும் ஜெயிக்கவில்லை, எல்லோருக்கும் நஷ்டம்.

செடியோடு முடிந்துவிடுமா?

முடியாது. 1990-களில் நெதர்லாந்தில் ஒரு வித்தியாசமான விஷயம் கவனத்துக்கு வந்தது. சில காடுகளில் கிரேட் டிட் என்ற சின்னப் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்திருந்தது. சில கூடுகளில் ஓடே இல்லாத முட்டைகள்கூட இருந்தன. காரணத்தைத் தேடிப்போனால் அது நத்தையில் போய் நின்றது. கந்தகமும் நைட்ரஜனும் சேர்ந்து மண்ணை அமிலமாக்கியதில் கால்சியம் குறைந்தது. கால்சியம் இல்லாமல் நத்தைகள் குறைந்தன. முட்டையிடும் காலத்தில் நத்தை ஓட்டைத் தின்றுதான் அந்தப் பறவைகள் கால்சியம் சேர்க்கும். ஆய்வாளர்கள் நத்தை ஓட்டையும் கோழிமுட்டை ஓட்டையும் கொண்டுபோய் வைத்ததும் முட்டைகள் சரியாயின.

ஒரு நாட்டின் அரசியலையே ஆட்டிய நைட்ரஜன்

அதே நெதர்லாந்தில் இந்தப் பிரச்சினை பிறகு நீதிமன்றம் வரை போனது. சின்ன நாடு, ஆனால் 10 கோடிக்கும் மேல் கால்நடைகளும் கோழிகளும். 2019 மே 29 அன்று அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், இயற்கைப் பகுதிகளைக் காக்க அரசின் நைட்ரஜன் திட்டம் போதாது என்று தீர்ப்பளித்தது. ‘பின்னால் குறைத்துக்கொள்கிறோம்’ என்று சொல்லி இப்போது அனுமதி கொடுக்க முடியாது என்பதுதான் சாரம். சுமார் 18,000 கட்டுமான, பண்ணைத் திட்டங்கள் முடங்கின. 2020 மார்ச்சில் நெடுஞ்சாலைகளில் பகல்நேர வேகம் மணிக்கு 100 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது.

கால்நடைகளைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு வந்ததும் விவசாயிகள் டிராக்டர்களோடு சாலைக்கு வந்தார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. பல பத்தாண்டுகளாக ‘இன்னும் அதிகம் உற்பத்தி செய்’ என்று சொன்ன அதே அரசும் வங்கிகளும்தான் இப்போது ‘குறை’ என்கின்றன. 2023 மார்ச்சில் நடந்த மாகாணத் தேர்தலில் விவசாயிகளை முன்னிறுத்திய புதிய கட்சி முதலிடம் பிடித்தது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, 2030-க்குள் பாதிக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் குறைந்தது பாதியையாவது தாங்கும் அளவுக்குள் கொண்டுவர வேண்டும் என்று அரசுக்கு உத்தரவிட்டது. முட்டல் இன்னும் முடியவில்லை.

புகையை நிறுத்தினால் காடு திரும்புமா?

நல்ல செய்தி முதலில். அமெரிக்காவில் 1990-ல் காற்றுத் தூய்மைச் சட்டம் கடுமையாக்கப்பட்ட பிறகு நைட்ரஜன் ஆக்சைடு உமிழ்வு பெருமளவு குறைந்திருக்கிறது. ஐரோப்பாவிலும் 1999-ன் கோதன்பர்க் ஒப்பந்தத்துக்குப் பிறகு குறைந்தது. அதாவது, இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் இல்லை. ஆனால் அம்மோனியா அந்த அளவுக்குக் குறையவில்லை. புகைபோக்கியில் கருவி மாட்டலாம், வயலுக்கு மாட்ட முடியாதே!

இனி கெட்ட செய்தி. ஸ்வீடனில் உரம் போட்டு நிறுத்திய காடுகளை ஆராய்ந்தவர்கள், நிறுத்தி 47 வருடம் கழிந்த பிறகும் பாசிகளிலும் வேர்ப் பூஞ்சைகளிலும் பழைய பாதிப்பின் தடயம் இருப்பதைக் கண்டார்கள். மண் மறப்பதில்லை. காட்டு வயலட், ட்ரில்லியம், அனிமோன் போன்ற பல காட்டுச் செடிகளின் விதைகளை எடுத்துப்போவது எறும்புகள். எறும்பு எவ்வளவு தூரம் போகும்? ஒருமுறை காட்டை விட்டுப் போன செடி, மாசு குறைந்த அடுத்த நாளே நடந்து வந்துவிட முடியாது.

நமக்கு இதில் என்ன?

பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் போடும் கல்பாசி நினைவிருக்கிறதா? அது பாசி இல்லை, லைக்கன். பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் உயிர். வேர் கிடையாது, சத்து முழுவதும் காற்றிலும் மழையிலும் இருந்துதான். அதனால் நைட்ரஜன் மாசுக்கு முதலில் அடி வாங்குவது மரத்தில் ஒட்டி வாழும் லைக்கன்கள்தான். ஹெக்டேருக்கு மூன்று, நான்கு கிலோ படிந்தாலே நுட்பமான வகைகள் குறைய ஆரம்பித்துவிடும். ஒரு காட்டின் காற்று எப்படி இருக்கிறது என்று அறிய, உலகம் முழுக்க விஞ்ஞானிகள் முதலில் மரப்பட்டையைப் பார்ப்பது இதனால்தான்.

செயற்கைக்கோள் படங்களில் உலகின் மிகப் பெரிய அம்மோனியா மையங்களில் ஒன்றாகத் தெரிவது சிந்து-கங்கைச் சமவெளி. இந்தியா வருடத்துக்குச் சுமார் 3.5 கோடி டன் யூரியா பயன்படுத்துகிறது. 2019 அக்டோபரில் கொழும்பில் கூடிய நாடுகள், 2030-க்குள் வீணாகும் நைட்ரஜனைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்ற கொழும்புப் பிரகடனத்தை முன்வைத்தன. இந்தியாவில் அனல்மின் நிலையங்களின் நைட்ரஜன் ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் முதன்முறையாக வரம்பு கொண்டுவந்தார்கள். 2020-ல் ஒரு பகுதி நிலையங்களுக்கு அந்த வரம்பு தளர்த்தப்பட்டது.

வயலில் செய்யக்கூடியதும் இருக்கிறது. யூரியாவை மண்ணின் மேல் வீசிவிட்டு வராமல், மண்ணுக்குள் போகும்படி, பயிருக்குத் தேவையான நேரத்தில் பிரித்துப் போட்டால் காற்றில் பறப்பது குறையும். விவசாயிக்குக் காசும் மிச்சம்.

ஃபெர்னோவில் முதல் ஆறு வருடம் ஒன்றுமே தெரியவில்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நம் காடுகளின் தரையில் இன்று என்னென்ன செடிகள் இருக்கின்றன என்று இப்போதே இடம் இடமாக எழுதிவைத்தால்தான், இருபது வருடம் கழித்து எது போனது என்றாவது சொல்ல முடியும். அப்போதும் காடு பச்சையாகத்தான் இருக்கும். பட்டியல் இல்லையென்றால், அந்தப் பச்சையைப் பார்த்து நாமும் ஏமாந்துபோவோம்.